பின் மூடி வேண்டாம்

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டேன். மேல் கட்டுக்குள் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். கட்டைப் பிரிக்கிறேன் என்று கத்தியைப் போட்டு இதையும் சேர்த்து அறுத்துவிடாதே. உனக்கு எதிலும் அவசரம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருந்தது ஒரே போன், அது உன் அண்ணனுடையது. திறந்தால் போதும், "அண்ணன் இருக்காரா?" என்று யாராவது கேட்கிறார்கள். இல்லை என்றால், "எப்ப வருவாரு?" என்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? அணைத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

தவிர, நீயும் நானும் குரல் கேட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டை கொடியில் காயக்கூட இல்லை. அதற்குள் வந்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, "அட்டை மிஷினை வித்துட்டு என்கூட வந்துடுங்க அண்ணி" என்றாய். நான் என்ன பீரோவா, ஆள் வைத்து ஏற்றிக்கொண்டு போக? எனக்கும் வாயில் வந்தது வெளியே வந்தது. நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அது கிடக்கட்டும், வேலையைப் பேசுவோம்.

உன் சோப்பை அறைக்கு அறை வைக்கப்போகிற விடுதிக்காரர் பிளாஸ்டிக் கூடாது, டேப் கூடாது, இரும்பு கூடாது, பழைய காகிதத்தில் செய்த அட்டைதான் வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். ஆலையில் போய்ப் பழைய காகிதக் கூழில் வார்த்த அட்டையே வாங்கினேன். உன் சீட்டைப் பசை போடுகிற அக்காவிடமும் காட்டினேன். "பெட்டிக்குப் பின் மூடி வேண்டாம். காற்று போகட்டும்" என்று தெளிவாக எழுதியிருந்தாய். அதேபோல் செய்திருக்கிறோம். பின் இல்லை, மூடியும் இல்லை. மூலைக்கு மூலை மாவுப் பசைதான்.

மூடி இல்லாத பெட்டியில் நீ எப்படிச் சோப்பு விற்பாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. படித்தவள் எழுதினால் ஏதாவது காரணம் இருக்கும். பசைக்கார அக்கா மட்டும், "சோப்பு மூச்சு விடணும்னு இருக்குமோ என்னவோ" என்று சொல்லிச் சிரித்தார். உன் அண்ணன் போன பிறகு நம் அட்டைக் கொட்டகையில் யாராவது சிரித்தது அன்றுதான். அந்த வரைக்கும் உன் சீட்டுக்கு ஒரு கும்பிடு.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

மூடி எங்கே?

கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னொரு கட்டில் மூடிகள் தனியாக வரும் என்று நினைத்தேன். வேன்காரரை நிறுத்தி வண்டிக்குள் ஏறியே தேடினேன். பிறகுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு அப்படியே சோப்பு வெட்டும் மேஜை மேல் உட்கார்ந்துவிட்டேன், பாவாடை முழுக்க எண்ணெய்.

அண்ணி, நான் எழுதியது பின் மூடி. பெட்டிக்குப் பின்பக்கம் இருக்கும் மூடி. முன்னால் ஒரு மூடி, பின்னால் ஒரு மூடி என்று வழக்கமாக இரண்டு இருக்குமில்லையா? அதில் பின்னால் இருப்பது வேண்டாம், சோப்புக்குக் காற்றுப் படட்டும் என்று சொன்னேன். நீங்கள் அனுப்பியிருப்பது பெட்டியே இல்லை, தட்டு. ஆயிரக்கணக்கில் தட்டு. இதில் சோப்பை வைத்தால் விடுதி அறையில் பல்லி வந்து நக்கிவிட்டுப் போகும்.

விடுதி மேலாளர் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். காகித உறை என்று சொல்லி ஒருவர் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்தாராம். அதைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர். அவரிடம் போய், 'எங்க அண்ணி வேற மாதிரிப் படிச்சுட்டாங்க' என்று சொல்ல முடியுமா? மாதக் கடைசிக்குள் மாதிரி காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். எனக்கு வேறு கடைகள் இருக்கின்றன, சமாளித்துவிடுவேன். உங்களுக்கு இதுதான் ஒரே ஆர்டர். இதுவும் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். மூடினால், 'நீ நினைச்சது நடந்துச்சா' என்று என்னைத்தான் கேட்பீர்கள்.

ஆகவே மறுபடி செய்யுங்கள். அட்டை போதாது என்றால் கொட்டகை மூலையில் ஆள் உயரத்துக்கு வெட்டுத் துண்டுகள் குவிந்திருக்கின்றனவே, அதை ஆலைக்குக் கொடுத்துப் புது அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய காகிதத்தைத் தேடி ஊரே அலைகிறது. நீங்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

இன்னொன்று. வாயில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வந்தது என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "சோப்பு விக்கிறவளுக்கு எல்லாமே நுரைதான்" என்றீர்கள். அண்ணன் என்னை நுரை என்று கூப்பிட்டது நான் சின்ன வயதில் ஓயாமல் பொங்கிப் பொங்கிப் பேசியதற்காக. அது செல்லம். அந்தப் பெயரை நீங்கள் எடுத்து அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என் மேல் எறிந்தீர்கள்.

அதுவும் கிடக்கட்டும். மூடி வேண்டும்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 13

நாத்தனாருக்கு,

எங்கள் கொட்டகையில் பின் என்றால் ஒன்றுதான். மிஷினில் டக் டக்கென்று அடிப்போமே, அது. அட்டை வேலை செய்கிற எந்தக் கொட்டகையில் போய்க் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். நீயே இரும்பு கூடாது என்று மேலே எழுதிவிட்டுக் கீழே 'பின் மூடி வேண்டாம்' என்று எழுதினால் நான் என்னவென்று படிப்பேன்? பின்னும் வேண்டாம், மூடியும் வேண்டாம் என்றுதான். இரண்டையும் இவ்வளவு தள்ளித் தள்ளி எழுதினாயே, நடுவில் ஒரு மாடு போகலாம். நான் நாலாம் வகுப்பு. நீ காலேஜ். எழுத்தை ஒட்டி எழுத உனக்குக் காலேஜில் சொல்லித்தரவில்லையா?

மறுபடி செய் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அட்டை இல்லை. ஆலைக்காரரிடம் போனேன். பழைய காகிதம் கொண்டுவந்தால்தான் அட்டை, கையை வீசிக்கொண்டு வந்தால் கையை வீசிக்கொண்டே போகலாம் என்கிறார். மூலையில் இருக்கிற குவியல் ஆகாது. கரையான் அரித்துவிட்டது. தொட்டால் மண்ணாகக் கொட்டுகிறது. அதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

உன் தட்டுகளை வீணாக்க எனக்கும் மனசு வரவில்லை. அடுப்புப் பற்றவைக்கும்போது தீப்பெட்டியைப் பார்த்தேன். உள்ளே இருப்பதும் மூடியில்லாத தட்டுதானே? மேலே ஒரு உறை இருப்பதால் பெட்டி ஆகிறது. முழு உறை போட அட்டை கிடையாது. அதனால் மெல்லிய காகிதத்தில் ஒரு பட்டை வெட்டிச் சோப்போடு சேர்த்துத் தட்டைச் சுற்றி ஒட்டிப் பார்த்தேன், இடுப்பில் துண்டு கட்டியது மாதிரி. சோப்பு விழவில்லை. இரண்டு ஓரமும் திறந்து கிடப்பதால் காற்றும் போகிறது. நீ கேட்ட காற்று. வீட்டில் இருந்த உன் சோப்பிலேயே செய்து மாதிரி அனுப்பியிருக்கிறேன். குளிக்க வைத்திருந்தது, ஒரு முனை தேய்ந்திருக்கும். பார்த்துக்கொள்.

பல்லி நக்கும் என்கிறாயே, உன் சோப்பை நக்கினால் பல்லிக்குத்தான் கேடு.

நுரை விஷயத்துக்கு நான் என்ன எழுத? அன்றைக்குப் பேசியது என் வாயே இல்லை.

அண்ணி


பிப்ரவரி 18

அண்ணிக்கு,

எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பட்டை பிடித்துவிட்டது. மேலாளர் வாங்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், வழக்கம்போல ஊறவைத்தும் பார்த்தார். முழுப் பெட்டியைவிடக் குறைந்த அட்டை, சோப்பும் கண்ணில் படுகிறது, விருந்தாளி அறையில் பிரித்தெறிந்தால் அப்படியே மறுபடி கூழாகிவிடும் என்று அவரே எனக்கு விளக்கம் சொன்னார், ஏதோ அவர் கண்டுபிடித்தது மாதிரி. முனை தேய்ந்த சோப்பு ஏன் என்று கேட்டார். சோதனை செய்த சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். இனிமேல் குளித்த சோப்பை யாருக்கும் மாதிரி அனுப்பாதீர்கள்.

இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, தட்டு இன்னும் இதே அளவு வேண்டும். மார்ச் முடிவதற்குள். அதற்கு அட்டை வேண்டும்.

இரண்டு, பட்டை மேல் எழுத்து வேண்டும் என்கிறார். வரி இதுதான்: 'இந்தக் காகிதத்துக்கு இது மறுபிறவி.' உங்கள் ஊரிலேயே அச்சுக் கட்டை செய்து மையில் தொட்டு அடித்துவிடலாம். படிப்பவர்களுக்கு மனசில் நிற்கும்.

கடைசியாக, கரையான். வேன்காரர் இங்கே தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். "கரையானா? அங்க ஏதும்மா கரையான்?" என்றார். குவியலைப் போர்வை போட்டு மூடி, நாலு பக்கமும் கல் வைத்து, துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களாம். கரையான் அரித்ததற்குப் போர்வை போர்த்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. என்னிடம் எதற்கு அண்ணி பொய்? கொடுக்க இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று சொல்லுங்கள். உங்களோடு வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சோப்பு வெட்டுவது மாதிரி இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 23

நாத்தனாருக்கு,

வேன்காரருக்கு இனிமேல் இங்கே தண்ணீர் கிடையாது.

அந்த வரியை நான் அடிக்க மாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன், விடுதிக்காரர் நேரில் வந்து நின்றாலும் மாட்டேன். காகிதத்துக்கு மறுபிறவியாம். கூழில் போட்டால் திரும்பி வருமாம். ஒவ்வொரு பட்டையிலும் என் கையால் அதை அடித்து, காயவைத்து, அடுக்க வேண்டுமாம். அந்த ஆள் வீட்டில் இதுவரை யாரும் சாகவில்லை போலிருக்கிறது. துக்கத்துக்கு வந்தவர் எல்லாம் என்னிடம் சொன்னார்கள், அவர் எங்கேயும் போகவில்லை, இன்னொரு ரூபத்தில் வருவார் என்று. வாசலில் காக்கா உட்கார்ந்தால் அவர் என்றார்கள். உன் அண்ணன் காக்காவைக் கண்டால் கல்லெடுப்பார். காகிதம் வந்தால் வரட்டும். மனுஷன் வரமாட்டான். வராததை வரும் என்று அச்சடிக்க என்னால் ஆகாது.

குவியலைப் பற்றிக் கேட்டாயே. சொல்கிறேன். சொல்லிவிட்டால் நீ கேட்பதை நிறுத்துவாய்.

அது சும்மா வெட்டுத் துண்டு இல்லை. சும்மாத் துண்டுகள் வாராவாரம் ஆலைக்குப் போய்விடும். உன் அண்ணன் ஒரு புது அளவு வெட்டுகிறதற்கு முன்னால் ஒரு துண்டை மடித்துப் பார்ப்பார். மடிப்பு விரிந்தால் மிஷினைத் திருகிவிட்டு இன்னொன்று. ஒழுங்காக வந்தால் காதில் செருகியிருக்கிற நீலப் பென்சிலை எடுத்து அந்தத் துண்டில் 'சரி' என்று எழுதுவார். எழுதினால்தான் மிஷின் ஓடும். பின்னால் அளவு பார்க்க உதவும் என்று அந்தத் துண்டுகளை எறிய மாட்டார். அவைதான் மூலையில் இருப்பவை.

வீட்டில் அந்த மனுஷன் ஒன்றுக்கும் சரி என்று சொன்னதில்லை. குழம்பு உப்பு, சுவர் வேறு நிறம், நான் தலை வாரினால் வகிடு கோணல். "சரின்னு ஒரு தடவை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று கேட்டிருக்கிறேன். "அட்டைக்குச் சொல்றேனே" என்பார். அட்டைக்குச் சொன்னதுதான் அங்கே அவ்வளவு உயரத்துக்கு இருக்கிறது. அவர் எழுதியது என்று என்னிடம் வேறெதுவும் கிடையாது. கடுதாசி போடுகிற தூரத்துக்கு என்னை விட்டு அவர் போனதே இல்லை.

இப்போது சொல், அதைக் கூழில் போடவா?

உன் ஆர்டர் வேண்டாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

குவியலைக் கொடுக்க வேண்டாம். நான் மேலாளரிடம் பேசிவிட்டேன். இருக்கிற தட்டுகளோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, மார்ச் முடியும்வரை பார்ப்பேன், பிறகு ஆள் மாற்றுவேன் என்றார். மாற்றட்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எழுதாமல் விட்டால் எனக்கு வெடித்துவிடும்.

அந்த வரி விடுதிக்காரருடையது இல்லை. அவர் எழுத்து வேண்டும் என்றார், அவ்வளவுதான். மறுபிறவி என்று எழுதியது நான். அவர் வீட்டில் யாரும் சாகவில்லை போல என்று எழுதினீர்களே, என் வீட்டில் செத்திருக்கிறார்கள் அண்ணி. நீங்கள் தாலி கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அவன் எனக்கு அண்ணன். உங்களுக்குக் குவியலாவது இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? அவன் கூப்பிட்ட பெயர் ஒன்று இருந்தது, அதையும் நீங்கள் வைவதற்கு எடுத்துக்கொண்டீர்கள்.

மிஷினை விற்கச் சொன்னது தப்பான நேரம்தான். அந்த மிஷின் பக்கத்தில்தானே அவன் விழுந்தான். அதன் முன்னால் தினமும் உங்களை நிறுத்திவைத்துவிட்டு நான் எப்படி ஊருக்கு வருவேன்? அதை விற்றால் நீங்கள் வருவீர்கள், நீங்கள் வந்தால் அவன் வீடு என்று ஒன்று என்னிடம் இருக்கும். அப்படி ஒரு கணக்கு. சொல்லத் தெரியாமல் மிஷின் என்று சொன்னேன். எனக்கு எழுதவும் வரவில்லை, பேசவும் வரவில்லை போலிருக்கிறது.

காக்கா அவன் இல்லை என்பதில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒன்று.

நாத்தனார்


மார்ச் 14

பதில் எழுதத் தாமதம். வேலை.

குவியலைக் கொடுத்துவிட்டேன். நீ கொடுக்க வேண்டாம் என்று எழுதினாய் பார், அதற்குப் பிறகுதான் கொடுக்க முடிந்தது. கொடு கொடு என்று நச்சரித்தபோது கை வரவே இல்லை. எனக்கே என் மேல் எரிச்சல்.

ஆலைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். துண்டில் ஒரு பின்கூட இருக்கக்கூடாது, கூழ்த் தொட்டியில் கத்தி முறிந்துவிடும் என்றார். உன் அண்ணன் சில துண்டுகளை நாலைந்தாகச் சேர்த்துப் பின் அடித்து வைத்திருப்பார். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் நெம்பி, பின்னைப் பிடுங்கினோம் நானும் பசைக்கார அக்காவும். ஒவ்வொன்றாக எடுத்ததால் ஒவ்வொன்றையும் படித்தேன். சரி. சரி. சரி. ஒரு துண்டில் மட்டும் 'சரியில்லை' என்று எழுதி, அடித்துவிட்டு, 'போகட்டும்' என்று இருந்தது. அக்கா, "இது உனக்கு எழுதினது" என்றார். விரல் முழுக்க ரத்தக் கோடு.

வேனில் குவியலோடு நானும் உட்கார்ந்து போனேன். தொட்டியில் கொட்டினார்கள். பழைய பாடப்புத்தகம், பால் அட்டை, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றோடும் அதுவும் சுற்றியது. நான் பக்கத்தில் நின்றேன். ஆலைக்காரர், "தள்ளி நில்லும்மா, தெறிக்கும்" என்றார். தெறித்தது. துடைத்துக்கொண்டேன்.

அட்டை வந்தபோது கொஞ்சம் நீலமாவது தெரியும் என்று நினைத்திருந்தேன். நாலைந்து தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எருமைத் தோல் நிறம், எப்போதும் போல. நான் சொன்னது சரிதான், மனுஷன் வருவதில்லை. ஆனால் மடிப்பு நன்றாக விழுகிறது.

தட்டுகள் முழுதும் இந்த வேனில் வருகின்றன. பட்டையில் உன் வரியைப் போடவில்லை. 'பழைய காகிதத்தில் செய்தது. பிளாஸ்டிக் இல்லை. பின் இல்லை' என்று மட்டும் அடித்திருக்கிறேன். படிக்கிறவன் இதில் குழம்பமாட்டான் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதைப் பசைக்கார அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டாம் தடவை படித்தேன். என்னால் வர முடியாது. மிஷினை விற்க மாட்டேன். ஆனால் நீ வந்து போக வாசல் இருக்கிறது. அவன் வீடு என்று ஒன்று வேண்டும் என்றாயே, அது இங்கேதான் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போக முடியாது.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

தட்டுகள் எல்லாம் விடுதிக்குப் போய்விட்டன. மேலாளரிடமிருந்து மறுநாளே புகார் வந்துவிட்டது. தட்டுகளின் அடியில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருக்கிறார்களாம்.

கட்டைப் பிரித்தபோது நானும் பார்த்திருந்தேன். முதலில் நிழல் என்று நினைத்தேன். ஒன்றைத் திருப்பினால் சரி. இன்னொன்றைத் திருப்பினால் சரி. எத்தனையைத் திருப்பினேன் என்று தெரியவில்லை. அடுப்பில் எண்ணெய் பொங்கி ஒரு வார்ப்புச் சோப்பு பாழ். அது உங்கள் கணக்கு.

எழுத்து உங்களுடையது. அவன் 'ரி' சுழியைக் குடை மாதிரி விரிப்பான். நீங்கள் குடைப் பிடி மாதிரி மடக்கிவைத்திருக்கிறீர்கள். இதைப்பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதாமல் எல்லாத் தட்டிலும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வது?

மேலாளரிடம், கிறுக்கல் இல்லை, மடிப்பைப் பார்க்கிறவர் போடும் அடையாளம், அது இல்லாமல் எங்கள் தட்டு வெளியே போகாது என்று சொன்னேன். "யாரு பாக்குறாங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். அடுத்த மாதத்துக்கும் வேண்டும் என்கிறார். கையெழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொன்னார். போடாதீர்கள்.

நாத்தனார்


மார்ச் 27

நுரைக்கு,

சின்னதாகப் போட எனக்குத் தெரியாது. என் கை அவ்வளவுதான். பாழான வார்ப்புச் சோப்பைத் துண்டுபோட்டு இங்கே அனுப்பு. பசை போட்ட கையைக் கழுவ ஆகும்.

போனைத் திறந்துவைத்திருக்கிறேன். நேற்று முதல் ஆளே, "அண்ணன் இருக்காரா?" என்றார். "இல்ல, எறந்துட்டாரு. உங்களுக்கு என்ன அளவுல அட்டை வேணும்?" என்று கேட்டேன். போனை வைக்காமல் நின்றேன். பிறகு அவர் அளவு சொன்னார். எழுதிக்கொண்டேன்.

நீயும் கூப்பிடலாம். சண்டை வந்தால் வரட்டும். ஆனால் ஆர்டரை மட்டும் எழுதியே அனுப்பு. நாலாம் வகுப்புக்காரி படிக்கப்போகிறேன் என்று நினைவு இருக்கட்டும். சேர்த்து எழுத வேண்டியதைச் சேர்த்தே எழுது.

அண்ணி